முயலுக்கு முகம் இருந்தது

அந்த டாக்டரின் அறைக்குள் முதன்முதலாகப் போனபோது நான் பார்த்தது டாக்டரை அல்ல, சுவரை. ஆறேழு படங்கள் தங்க நிறச் சட்டம் போட்டுத் தொங்கின. எல்லாம் பழைய காலத்து வைத்தியப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை, கறுப்புக் கோட்டில் வரைந்தவை. ஒரு ஆளின் நெஞ்சிலிருந்து இன்னொரு சின்ன ஆள் தொங்கினான். சின்னவனுக்குத் தலை இல்லை, கையும் காலும் மட்டும்தான். முகம் முழுக்க மயிர் வளர்ந்த ஒரு பெண்பிள்ளை சரிகை வைத்த சட்டை போட்டு நின்றாள். இடுப்போடு ஒட்டிப் பிறந்த இரண்டு குழந்தைகள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. கலியாண வீட்டில் படத்துக்கு நிற்கிற ஆட்களைப் போல நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மனுசன் இப்படியான ஆட்களைச் சேர்க்கிறான் என்று நினைத்தேன். நானும் என் காலாலேயே நடந்து வந்து அவனுக்கு முன்னால் இருக்கிறேன் என்றும் நினைத்தேன்.

எனக்குப் பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் தைத்தார்கள். நல்ல தையல் இல்லை. மூக்கிலிருந்து உதடு வரை ஒரு தழும்பு இழுத்தபடி நிற்கும், சிரித்தால் இன்னும் இழுக்கும். அதனால் நான் கண்டவர்களுக்கெல்லாம் சிரிப்பதில்லை. எனக்குக் கலியாணம் பேசியபோது டென்மார்க்கில் இருந்த மாப்பிள்ளைக்கு ஒரு படம் அனுப்பினார்கள். அந்தப் படத்தில் ஸ்டூடியோக்காரர் என் தழும்பைப் பென்சிலால் தடவி மறைத்துவிட்டார். எனக்குச் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. மாப்பிள்ளை இருந்த ரண்டர்ஸ் ஊர் ஸ்டேஷனில் நான் ரயிலால் இறங்கியபோது அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்தப் பார்வையைப் பற்றி அவர் ஒருநாளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து படம் எடுக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

டாக்டரிடம் போனது வயிற்றில் பிள்ளை வந்த நாலாவது மாதத்தில். என் உதட்டைப் பார்த்துவிட்டு மருத்துவிச்சிதான் அனுப்பினாள். கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை, வர முடியவில்லை. மொழிபெயர்க்க வந்தவர் எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருந்த அண்ணை. எங்கள் எல்லாரையும்விட முதல் வந்தவர், டேனிஷ் தெரிந்தவர். அந்த நாளில் ரண்டர்ஸ் தமிழர்களுக்குப் பல்லுக் கொதித்தாலும் வாடகைப் பிரச்சினை என்றாலும் அண்ணைதான்.

டாக்டர் நீளமாகக் கதைத்தார். கையால் தன் உதட்டைக் காட்டினார், விரல்களை மடக்கி எண்ணினார், ஒரு தாளில் ஏதோ கீறினார். முடிந்ததும் நான் அண்ணையைப் பார்த்தேன்.

"ஒண்டும் யோசிக்க வேண்டாமாம், தங்கச்சி. எல்லாம் நல்லாயிருக்காம்."

"இவ்வளவு நேரமும் அதையோ சொன்னவர்?"

"அவங்கள் ஒரு விசயத்தைப் பத்துத் தரம் சொல்லுவாங்கள். நான் சுருக்கிச் சொல்லுறன்."

"விரலை எண்ணினாரே, அது என்ன?"

"அது அவங்கட பழக்கம்."

டாக்டர் என் உதட்டைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். அதை மட்டும் அண்ணை முழுதாகச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். டாக்டர் கோபிக்கவில்லை. எழும்பிப் போய்ச் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றி வந்து என் மடியில் வைத்தார். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாராக்கும்.

ஒரு பெண் கதிரையில் இருக்கிறாள். மடியில் குழந்தை. குழந்தையின் மேலுதடு என்னுடையதைப் போலவே இடது பக்கம் பிளந்திருக்கிறது. பெண்ணின் காலடியில் ஒரு முயல். முயலை வரைந்தவன் ஆசையோடு வரைந்திருந்தான். ஒவ்வொரு மீசை மயிரும் தெரிந்தது, கண்ணில் வெளிச்சம் இருந்தது. குழந்தையின் உதட்டையும் அப்படித்தான் வரைந்திருந்தான். ஆனால் பெண்ணுக்கு முகம் இல்லை. கழுத்தோடு படம் முடிந்துவிட்டது. மேலே இடம் போதாதென்று விட்டிருக்கிறான்.

"கீழ என்ன எழுதியிருக்கு, அண்ணை?"

அவர் டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். "பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க தாய் முயலைப் பாத்திட்டாவாம். அதாலைதான் பிள்ளைக்கு முயலுதடாம். இந்த நாட்டிலையும் அந்தக் காலத்தில அப்பிடித்தான் நம்பினவையாம்."

டாக்டர் சிரித்தார். முன்னோர் எவ்வளவு மடையர்கள் என்று நினைவில் வைத்திருக்கத்தான் இவற்றை மாட்டியிருக்கிறாராம். மடத்தனத்துக்கு எதற்குத் தங்கச் சட்டம் என்று எனக்குப் பட்டது. அண்ணையிடம் அதைக் கேட்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது எனக்கு அம்மாவின் நினைவுதான். அம்மா என்னைச் சுமந்தபோது ஏழாம் மாதத்தில் ஒரு கிரகணம் வந்தது. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கிரகண நேரத்தில் பிள்ளைத்தாச்சி வெளியில் வரக்கூடாது, ஒன்றையும் வெட்டக்கூடாது, தைக்கக்கூடாது, உடம்பைச் சொறியவும் கூடாது. வெட்டினால் பிள்ளையின் உதடு வெட்டுப்படும் என்பார்கள். அப்பாவின் ஆட்கள் அம்மாவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி வாசலில் காவல் இருந்தார்கள். அப்படியிருந்தும் நான் இப்படிப் பிறந்ததும் அம்மா பாக்கு வெட்டினாள் என்றார்கள். அறைக்குள் பாக்குவெட்டி இல்லை என்று அம்மா சொன்னதும், அப்படியென்றால் நகத்தால் உதட்டைக் கீறியிருப்பாள் என்றார்கள். அம்மா "நான் ஒண்டையும் தொடேல்லை" என்று சொல்லிச் சொல்லியே நரைத்தவள். ஒருத்தரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், சின்ன வயதில் நானும் அரைவாசிதான் நம்பினேன்.

ஆக இங்கே முயல், அங்கே சந்திரன். இரண்டு ஊரிலும் குற்றவாளி ஒருத்திதான். அவளுக்கு முகமும் வரையவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சந்திரகிரகணம் வந்தது. எனக்கு ஆறாவது மாதம். அண்ணையின் மனைவியை அக்கா என்போம், அவவிடம் ஊரிலிருந்து வந்த பஞ்சாங்கம் இருந்தது. அவ அதைப் பார்த்து, இரவு பதினொரு மணிக்குத்தான் தொடங்குது என்றா. எங்களை நேரத்தோடு சாப்பிட வரச் சொன்னா. பத்து மணிக்கு முன்னம் எல்லாம் முடித்துவிட்டு நான் கீழே எங்கள் வீட்டில் போய்ப் படுத்துவிட வேண்டும், காலை வரை அசையக்கூடாது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அம்மாவின் கதை தெரிந்த ஒருத்தி துணிந்து அப்படிச் சொல்லமாட்டாள். நம்பிக்கை இருக்கோ இல்லையோ, பிறகு கதைக்க ஒருத்தருக்கும் இடம் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன்.

ஏழு மணி தாண்டியிருக்கும். ஆண்கள் இருவரும் முன்னறையில் டிவி பார்த்தார்கள். அக்கா பருப்பைக் கிளறிக்கொண்டு, "தங்கச்சி, அந்தக் கோவாவை வறைக்குச் சின்னனா வெட்டித் தாரும்" என்றா. நான் அந்த முட்டைக்கோசை வெட்டத் தொடங்கினேன். பாதி வெட்டியிருப்பேன், பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவி கதவைத் தட்டினாள். சிரித்த முகம். வாருங்கள், வாருங்கள் என்று கையால் கூப்பிட்டு அக்கா வீட்டுப் பல்கனியைக் காட்டினாள். நல்ல மனுசி, எங்களுக்கு நல்லதைக் காட்டத்தான் வந்தாள். நான் கையில் கத்தியோடும் மற்றக் கையில் அரைக் கோவாவோடும் எல்லாருக்கும் பின்னால் போனேன்.

எதிர்க் கட்டடத்துக்கு மேல் சந்திரன் நின்றது. அதில் பாதிக்கு மேல் இல்லை. மறைந்த பக்கம் பழைய செம்புக் குடத்தின் நிறத்தில் இருந்தது.

அக்கா திரும்பி என் கையைப் பார்த்தா.

"கத்தியைக் கீழ வையும். பிள்ளை, கத்தியைக் கீழ வையும்."

"பதினொரு மணி எண்டல்லோ சொன்னீங்கள்?"

"பஞ்சாங்கத்தில பதினொரு மணிதான் கிடக்கு."

அண்ணை உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, அது ஊர் நேரமல்லோ?"

"சந்திரன் எல்லாருக்கும் ஒண்டுதானே."

"சந்திரன் ஒண்டு, மணிக்கூடு ரெண்டு. அங்க இப்ப பதினொரு மணி தாண்டியிட்டுது."

ஊருக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் இப்போது அங்கே எத்தனை மணி என்று கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆட்கள் நாங்கள். பஞ்சாங்கத்துக்கு மட்டும் ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை. பஞ்சாங்கம் சொன்னால் அது எங்கும் செல்லும் என்ற நினைப்பு. சிரிக்கக்கூடிய விசயம்தான். கிழவி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு ஏதோ பிழை நடந்துவிட்டது என்று நினைத்துத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டா: "கனக்க வெட்டினனீரோ?"

"நீங்கள்தானே வெட்டச் சொன்னீங்கள்."

"நான் எங்க வெட்டச் சொன்னனான்? கழுவி வையும் எண்டல்லோ சொன்னனான்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அந்த வீட்டில் முன்னறைக்கும் குசினிக்கும் நடுவில் கதவுகூட இல்லை. அவருக்குக் கேட்டிருக்கும். அவர் சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவுக்குப் பிறகு வீட்டில் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. சண்டை பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், என் வயிற்றைப் பார்ப்பார், பிறகு என் உதட்டைப் பார்ப்பார். நான் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பார். அக்கா தோடம்பழம் கொண்டுவந்து தருவா, நெற்றியில் விபூதி பூசிவிடுவா, இவ்வளவு அன்பு எதற்கு என்று எனக்குச் சந்தேகம். தைப்பொங்கலுக்குக் கோல்டிங் என்ற தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு மனிசி, நான் ஒருநாளும் கண்டிராத மனிசி, என் பக்கத்தில் வந்திருந்து, "நீர்தானே பிள்ளை அந்தக் கிரகணத்தண்டு கோவா வெட்டினது?" என்று கேட்டா. கோவா என்ற விபரம்கூடப் பிழையில்லாமல் கோல்டிங்குக்குப் போயிருந்தது. யார் வெட்டச் சொன்னது என்ற விபரம் மட்டும் போகவில்லை.

"ஓம்" என்றேன். "நல்ல கூரான கத்தி."

மனிசி எழும்பிப் போய்விட்டா.

மாசியில் பிள்ளை பிறந்தது. பெண். துணியில் சுற்றி என் நெஞ்சில் வைத்தார்கள். நான் முகத்தைப் பார்க்கமுதல் மருத்துவிச்சியின் முகத்தைப் பார்த்தேன், விளங்கிவிட்டது. இடது பக்கம். என்னுடையதைப் போலவே.

கணவர் கட்டிலருகில் நின்று பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்டைக்கு நீர் அந்தக் கத்தியைத் தொடாமல் விட்டிருக்கலாம்."

நாலு மாதமாக வாய் திறக்காத மனுசன் திறந்து சொன்னது அதுதான். பிள்ளையை அணைத்துக்கொண்டு, "வெளியில போங்கோ" என்றேன். போனார். எனக்கு அழுகை வரவில்லை. இனி என் வாழ்நாள் முழுக்க நான் ஒன்றையும் தொடவில்லை, சொன்னதால்தான் தொட்டேன் என்று சொல்லிச் சொல்லி நரைக்கப் போகிறேன் என்று மட்டும் நினைத்தேன். என் மகளும் வளர்ந்து என்னை அரைவாசிதான் நம்புவாள்.

இரண்டு நாள் கழித்து அந்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நான், கணவர், பிள்ளை, மொழிபெயர்க்க அதே அண்ணை. வேறு ஆள் வேண்டும் என்று கேட்டேன், ரண்டர்ஸில் வேறு ஆள் இல்லை. அப்போது எனக்குக் கொஞ்சம் டேனிஷ் வந்திருந்தது, கடையில் சண்டை பிடிக்கிற அளவுக்கு. டாக்டர் வாயைத் திறக்கமுதல் நான் அண்ணையிடம் சொன்னேன்:

"அண்ணை, அவர் ஒரு வசனம் சொல்லட்டும். நிப்பாட்டட்டும். நீங்கள் அதைச் சொல்லுங்கோ. பிறகு மற்ற வசனம். இண்டைக்குச் சுருக்கக் கூடாது."

"என்ன தங்கச்சி, என்னில நம்பிக்கை இல்லையோ?"

"இல்லை."

கணவர் நிலத்தைப் பார்த்தார். அண்ணை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டு ஒவ்வொரு வசனமாகச் சொல்லத் தொடங்கினார்.

"கோப்பன்ஹேகனில தைப்பினமாம்." "ரெண்டு மூண்டு மாசத்தில கூப்பிடுவினமாம்." "இப்ப நல்லாத் தைக்கினமாம், உம்மடையைப் போல இழுக்காதாம்." டாக்டர் தாளை எடுத்துக் கீறினார். அன்று கீறிய அதே படம். விரலை மடக்கினார், ஒன்று, இரண்டு, மூன்று. நான் அந்த விரல்களை மறக்கவில்லை. அண்ணை தாளை மட்டும் பார்த்தார்.

"சொல்லுங்கோ."

"மேலுதடு..." என்று தொடங்கி நிறுத்தினார். "மேலுதடு மூண்டாம் மாசத்துக்குள்ளயே பொருந்தி முடிஞ்சிடுமாம். பொருந்தாட்டி அதுக்குள்ளயே பொருந்தாமல் போறதாம். அதுக்குப் பிறகு தாய் என்ன செய்தாலும் உதட்டில ஒண்டும் மாறாதாம்."

டாக்டர் இன்னொரு வசனம் சொன்னார். அது எனக்கே அரைவாசி விளங்கியது. ஆனாலும் அண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதைத் தான் முதல் நாளே சொன்னதாம்." அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. "நீர் முதல் நாள் இந்தக் கதிரையில இருக்கேக்கையே பிள்ளையின்ர உதடு முடிஞ்சுபோச்சுதாம்."

முதல் நாள் என்றால் கிரகணத்துக்கு இரண்டு மாதம் முன்னம். கணவர் தலையை உயர்த்தி அண்ணையைப் பார்த்தார். அண்ணைக்கு அது அன்றே தெரியும். பல்கனியில் நின்றபோதும் தெரியும். கோல்டிங்குக்குக் கதை போனபோதும் தெரியும். ஒரு வசனம் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொன்னால் வீட்டில் அக்காவின் பஞ்சாங்கத்துக்கு யார் பதில் சொல்வது?

"ஏன் அண்ணை சொல்லேல்லை?" கேட்டது என் கணவர்.

"பொம்பிளைப் பிள்ளையிட்ட மாசக் கணக்கெல்லாம் எப்பிடிச் சொல்லுறது, தம்பி. கூச்சமாயிருந்துது."

ஒருவேளை அதுவும் உண்மைதான். எனக்குத் தெரியாது.

டாக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். இது குடும்பத்தில் வரக்கூடியது, சிலவேளை காரணமே தெரியாமலும் வரும், ஒருத்தருடைய பிழையும் இல்லை. அண்ணை அதை முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை அண்ணை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"ஒருத்தற்ர பிழையும் இல்லையாம்."

கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இது உம்மட பக்கத்தால வந்தது" என்றார்.

"ஓம். என்ர பக்கத்தால. ஸ்டேஷனிலை பாத்தனீங்கள்தானே. அண்டைக்கு ஏன் பெட்டியைத் தூக்கினீங்கள்?"

அவர் எழும்பி வந்து பிள்ளையைத் தன் கையில் வாங்கினார். பிறந்த பிறகு அன்றுதான் முதல் தரம் தூக்கினார். மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசை. கேட்கவில்லை. பிறகு ஆட்கள் கேட்டபோதெல்லாம் "அது மூண்டாம் மாசத்தோட முடியிற விசயம்" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்லித் திரிந்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன், சொல்கிறாரே என்று. அக்கா மட்டும் கடைசிவரை மாறவில்லை. "டாக்குத்தருக்குக் கிரகணத்தைப் பற்றி என்ன தெரியும்" என்பா.

தைக்கிறதற்கு முன்னம் பிள்ளையைப் படம் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் ஓம் என்றேன். அவர் கமெராவைக் கொண்டுவந்து பிள்ளையின் உதட்டுக்குக் கிட்டப் பிடித்தார். நான் கையால் மறைத்தேன்.

"அண்ணை, சொல்லுங்கோ. நான் பிள்ளையை மடியில வைச்சிருப்பன். என்ர முகமும் வரோணும். தழும்பு தெரியோணும். வெட்டக் கூடாது, தடவக் கூடாது. எனக்கு ரெண்டு பிரதி வேணும்."

டாக்டர், தங்களுக்கு உதடு மட்டும்தான் தேவை, தாய் தேவையில்லை என்றார். நான் எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த முயல் படத்துக்கு முன்னால் நின்றேன். அந்தப் பெண்ணின் கழுத்தில், படம் முடிகிற இடத்தில், விரலை வைத்தேன். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் கொஞ்சம் பின்னால் போய் நின்று எடுத்தார்.

ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. நானும் சிரிக்கவில்லை, பிள்ளையும் சிரிக்கவில்லை, இரண்டு பேரும் நேரே பார்க்கிறோம். மற்றப் பிரதியின் பின்பக்கத்தில், "அம்மா, உதடு மூன்றாம் மாதத்தோடு முடிந்துவிடுமாம். உங்களுக்குக் கிரகணம் வந்தது ஏழாம் மாதத்தில்" என்று எழுதி ஊருக்கு அனுப்பினேன். ஊரில் போர் நடந்த காலம், சண்டைக்குள் தபால் போகுமோ, வழியில் யார் பிரித்துப் பார்ப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான். கனகாலம் கழித்துப் பதில் வந்தது. நான் மெலிந்துபோனேன் என்று ஒரு பக்கம். கடைசியில், படத்தை அம்மா கூடத்தில் மாட்டியிருக்கிறா, அப்பாவின் ஆட்கள் வந்தால் அதற்குக் கீழேதான் இருத்துகிறா என்று ஒரு வரி.

தையல் நன்றாகவே வந்தது. ஒரு வயதுப் பரிசோதனைக்கு மகளைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனபோது முதலில் சுவரைத்தான் பார்த்தேன். நெஞ்சில் ஆள் தொங்குகிறவன் இருந்தான். மயிர்முகப் பெண்ணும் முயலும் இருந்தார்கள். நாங்கள் இல்லை. எங்கள் படம் எங்கே என்று டேனிஷில் நானே கேட்டேன். கோப்பில் பத்திரமாக இருக்கிறது என்றார். எடுத்துக் காட்டச் சொன்னேன். அவர் சிரித்துப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் எடுத்து வந்தார்.

வாங்கி, நாலு ஓரங்களையும் பார்த்தேன். என் பிரதியைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.